மீன் மூச்சு வாங்கினால் இந்தத் தண்ணீர் டெஸ்ட் கிட் பெட்டி எவ்வளவு உதவும்?

"அப்பா, மீனெல்லாம் மேல வந்து கொட்டாவி விடுது" என்று மகள் என்னை எழுப்பியபோது மணி ஐந்தரை. போய்ப் பார்த்தால், 120 லிட்டர் தொட்டியில் இருந்த ஒன்பது மீன்களும் நீர்மட்டத்தை ஒட்டி நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு என்னிடம் டெஸ்ட் கிட் எதுவும் கிடையாது. மூச்சு வாங்கினால் நோய், நோய் வந்தால் மருந்து. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மீன் வைத்தியம். அலமாரியில் இருந்த ஒரு கிருமிநாசினி மருந்தை எடுத்து, அட்டையில் போட்டிருந்த அளவுப்படி ஊற்றினேன். மதியத்துக்குள் நான்கு மீன்கள் போய்விட்டன. மறுநாள் இன்னும் இரண்டு.

அந்த வாரமே வாங்கியதுதான் இந்தச் சொட்டு டெஸ்ட் கிட். மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. உள்ளே இருக்கும் ரசாயனமும் ஏறக்குறைய ஒன்றுதான். மீன் மூச்சுத் திணறும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் எழுதுகிறேன். தொட்டியை அழகாக வைத்துக்கொள்ள, செடி வளர்க்க என்று வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

பெட்டிக்குள் நான்கு சோதனைகளுக்கான குப்பிகள் இருக்கின்றன: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை). நான்கு கண்ணாடிக் குழாய்கள், மூடிகள், ஒரு கலர் கார்டு, எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு தாள். ஒவ்வொரு குழாயிலும் 5 மி.லி. கோடு வரை தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டுகளை விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நான்கையும் ஒன்றாக ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் எத்தனையாவது சொட்டு என்பதை இரண்டு முறை மறந்துவிட்டேன்.

மூச்சுத் திணறலுக்கு இதில் முக்கியமானவை அம்மோனியாவும் நைட்ரைட்டும். பி.எச். துணைக்கு வரும். நைட்ரேட் ஏறிக் கிடந்தால் தொட்டி பராமரிப்பு சரியில்லை என்று அர்த்தம், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக எல்லா மீனையும் மேலே கொண்டுவருவது பொதுவாக அதன் வேலை இல்லை. அதனால் அவசரத்தில் நான் நைட்ரேட்டைத் தொடுவதே இல்லை. அது எரிச்சலூட்டும் சோதனையும்கூட. இரண்டாவது குப்பியில் அடியில் படியும் ஒரு பொடி உண்டு. குப்பியை அரை நிமிடம் ஆவேசமாகக் குலுக்காவிட்டால் அந்தப் பொடி சொட்டில் வராது, தண்ணீர் சுத்தமாக இருப்பதுபோல் பொய் சொல்லும். நான் ஆறு மாதம் அந்தப் பொய்யை நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, பெட்டி முதல்முறையாகத் தன் விலைக்கு வேலை செய்த கதைக்கு வருகிறேன்.

வாங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றிக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவிப் போட்டேன். நான்காம் நாள் மோலி மீன்கள் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக நின்றன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்தன. ஏர் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இன்னொன்றையும் சேர்த்துப் போட்டேன். தொட்டி முழுக்கக் குமிழி, ஆனால் மீன்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். அம்மோனியா 0.25, நைட்ரைட் 2 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). நைட்ரைட் குழாய் ஊதாப் பூ நிறத்தில் இருந்தது. நல்ல தொட்டியில் அது வானத்து நீலத்தில் இருக்க வேண்டும்.

குமிழி விட்டும் மீன் ஏன் திணறியது என்பதற்கு அந்த ஊதா நிறம்தான் பதில். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபின் ஆக்கிவிடுகிறது. மெத்ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ரத்தம் பழுப்பாகிவிடும், செவுளும் சிவப்பு போய் சாக்லேட் நிறத்துக்குப் போகும். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் ஏற்றிச் செல்ல ஆள் இல்லை. நான் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இன்னும் பத்து போட்டிருந்தாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது வேறு. பாதித் தண்ணீரை மாற்றினேன், தீனியை நிறுத்தினேன், கொஞ்சம் சாதாரண உப்பைக் கரைத்து விட்டேன். உப்பில் உள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசலில் போட்டி போட்டு அதை வெளியே நிறுத்துகிறது. இதற்கு உப்பை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. 10 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு வந்துவிடும், 2 பிபிஎம் நைட்ரைட்டுக்கு அது தாராளம். மாலைக்குள் மோலிகள் தண்ணீர் விழும் இடத்தை விட்டு நகர்ந்தன. அடுத்த பத்து நாளும் காலை மாலை நைட்ரைட் பார்த்து, ஊதா தெரிந்தபோதெல்லாம் தண்ணீர் மாற்றினேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை. பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் அன்றும் மருந்து ஊற்றியிருப்பேன். பல மருந்துகள், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்று தீர்க்கும், ஃபில்டர் பஞ்சில் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துவிடும், கதை இன்னும் மோசமாகியிருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

இந்தச் சமயத்தில் நைட்ரேட் சோதனையை நம்பாதீர்கள். அது நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதையும் கூட்டிச் சொல்லிவிடும்.

அம்மோனியா சோதனைதான் இந்தப் பெட்டியில் எனக்கு அதிகம் பயன்படுவதும், அதிகம் எரிச்சல் தருவதும். பயன் சரி, எரிச்சல் எதற்கு? முதலாவது, நிறம். பூஜ்யம் என்றால் மஞ்சள், 0.25 என்றால் இம்மியளவு பச்சை கலந்த மஞ்சள். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று. நானும் என் மனைவியும் ஒரே குழாயைப் பார்த்து ஆளுக்கொரு எண் சொல்வோம். வெள்ளைக் காகிதத்தின் முன்னால், பகல் வெளிச்சத்தில், குழாயை அட்டையில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு வரும். இப்போது சுத்தமான பாட்டில் தண்ணீரில் ஒரு குழாய் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அதைவிடப் பச்சையாக இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது, அட்டையைப் பார்ப்பதைவிட நம்பகமானது. அச்சிட்ட மை வேறு, குழாயில் இருக்கும் தண்ணீர் வேறு.

இரண்டாவது எரிச்சல் பெரியது. பெட்டி காட்டும் எண் மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் பகுதி எவ்வளவு என்பதைப் பெட்டி சொல்லாது, பி.எச்.சும் வெப்பமும் வைத்து நாமேதான் பார்க்க வேண்டும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று அதிகம்தான் விஷமான அம்மோனியா. பி.எச். 8 ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல். அதாவது கார்டில் அதே 0.5 காட்டினாலும், ஒரு தொட்டியில் 0.003, இன்னொரு தொட்டியில் 0.027. மீனுக்கு 0.02-ஐத் தாண்டக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆக, ஒரே நிறம் ஒருவர் தொட்டியில் "நாளைக்குப் பார்க்கலாம்", இன்னொருவர் தொட்டியில் "இப்போதே வாளியை எடு". இந்த அட்டவணையைப் பெட்டிக்குள் வைக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். வைக்கவில்லை. நானே கையால் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அம்மோனியா பார்க்கும்போதெல்லாம் பி.எச்.சும் பாருங்கள், இரண்டும் சேர்ந்துதான் ஒரு விடை.

இன்னொரு தடவை பெட்டி என்னைக் குழப்பிவிட்டு, அப்புறம் அதுவே தெளியவும் வைத்தது. தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்தன. அம்மோனியா 0.5. தண்ணீர் மாற்றினால் அம்மோனியா குறைய வேண்டாமா? கடைசியில் குழாய்த் தண்ணீரையே சோதித்தேன், அதிலும் அம்மோனியா இருந்தது. சில இடங்களில் தண்ணீரைச் சுத்திகரிக்கக் குளோரினுக்குப் பதிலாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலப்பார்கள். நாம் போடும் குளோரின் நீக்கி அதை உடைக்கும்போது உள்ளிருக்கும் அம்மோனியா வெளியே வருகிறது. புதுத் தொட்டிக்காரர்கள் பெட்டி வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது தொட்டியை இல்லை, தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீரை. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை, தாளிலும் அந்த வரி இல்லை.

அதே வேளையில் பி.எச். குப்பியை வைத்து ஒரு தந்திரமும் கற்றுக்கொண்டேன். நிலத்தடியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கலாம். அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தாலும் மீன் திணறும். பிடித்த உடனே பி.எச். பாருங்கள். அதே தண்ணீரை ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறியிருந்தால், வெளியேறியது கார்பன் டை ஆக்சைடு. இனிமேல் ஆறவிட்டு ஊற்ற வேண்டிய தண்ணீர் அது. செடித் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் முதலிலேயே வர வேண்டும்.

இனி பெட்டி கைவிட்ட இடங்கள்.

போன வெயில் காலத்தில் தொட்டி 31 டிகிரிக்குப் போனது. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே, பத்து மணிக்கு விளக்குப் போட்டபின் பழையபடி கீழே. மூன்று நாள் இதே நாடகம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், பி.எச். வழக்கம்போல். பெட்டி "எல்லாம் நலம்" என்கிறது, மீன் "இல்லை" என்கிறது.

இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஆக்சிஜன் சோதனையே இருக்காது. மூச்சுத் திணறலுக்காக வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. பெட்டி மேல் அட்டையில் சிரிக்கிற மீன் படம் போட்டிருப்பதால் எல்லாவற்றையும் சோதிக்கும் என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சூடு ஏற ஏற அது இறங்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கும். 30 டிகிரியில் ஏழரை. அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. செடிகள் பகலில் ஆக்சிஜன் விடும், இருட்டில் அவையும் மூச்சு விடும். அதனால் தொட்டியில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது விடியும் முன். காலை மட்டும் வரும் திணறல் என்றால் முதலில் ஆக்சிஜனைச் சந்தேகப்படுங்கள். என் தொட்டியில் கூடுதலாக ஒரு விஷயம் நடந்திருந்தது. நீர்மட்டத்தின் மேல் எண்ணெய்போல ஒரு படலம் படர்ந்திருந்தது. ஃபில்டர் வாய் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்ததால் மேற்பரப்பு அசையவே இல்லை.

ஃபில்டர் வாயைத் தூக்கி, மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வைத்தேன். இருபது நிமிடத்தில் மீன்களின் மூச்சு தணிந்தது. சொட்டும் இல்லை, குழாயும் இல்லை, ஆனால் இதுவும் ஒரு சோதனைதான். மேற்பரப்பைக் கலக்கி அரை மணி நேரத்தில் மீன் தேறினால் குறை ஆக்சிஜனில். தேறாவிட்டால் பெட்டியைத் திற. இப்போது நான் இந்த வரிசையில்தான் போகிறேன். ஏர் ஸ்டோனின் குமிழி தண்ணீருக்குள் ஏறும்போது கரைவது கொஞ்சம்தான். அது மேலே வந்து மேற்பரப்பை உடைத்துப் புரட்டுவதுதான் பெரும்பங்கு வேலை. பெரிய குமிழியா சின்னக் குமிழியா என்று ராத்திரி முழுக்க விவாதிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதற்குப் பிறகும் ஆர்வம் அடங்காமல் தனியாக ஓர் ஆக்சிஜன் சொட்டுக் கிட் வாங்கினேன். 1888-ல் விங்க்லர் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த முறையின் குட்டி வடிவம்தான் இப்படிப்பட்ட கிட்டுகள். சிறு குப்பியை விளிம்பு வரை நிரப்பி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடி, சொட்டுகளை விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். குமிழி மாட்டிக்கொண்டால் அளவு பொய். தண்ணீரை எடுத்துவைத்துவிட்டுச் சாவகாசமாகச் சோதிக்கவும் முடியாது, தொட்டிக்கரையிலேயே செய்ய வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, குமிழி இல்லாமல் குப்பியை மூடிப் பாருங்கள். எனக்குக் காலையில் 4, சாயங்காலம் 7 என்று வந்தது. 5-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்ற கணக்கில் சந்தேகம் உறுதியானது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஃபில்டர் வாயைத் தூக்கியதே அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அந்தக் கிட் இரண்டு தடவைக்கு மேல் திறக்கப்படவில்லை. அதிகம் மீன் வளர்ப்பவர்கள் வேண்டுமானால் வாங்கலாம். டிஜிட்டல் ஆக்சிஜன் மீட்டர் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். பாதி நேரம் அதை அளவு திருத்துவதிலேயே போகிறது.

காகிதப் பட்டை வகையையும் ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்த்தேன். முக்கி எடுத்தால் ஒரு நிமிடத்தில் ஆறு நிறம், பார்க்கப் பிரமாதம். ஆனால் நான் வாங்கியதில் அம்மோனியா கட்டமே இல்லை. மீன் மேலே நிற்கும்போது எனக்கு முதலில் வேண்டியதை விட்டுவிட்டு, மற்ற ஆறையும் சொல்லும் ஒன்றை வைத்து என்ன செய்வது? டப்பாவை இரண்டு தடவை ஈரக்கையோடு திறந்ததில் மிச்சப் பட்டைகளும் மங்கிவிட்டன. வாங்கினால் அம்மோனியா இருக்கிறதா என்று அட்டையின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

பெட்டி கைவிட்ட இரண்டாவது கதை இன்னும் பெரியது. தங்கமீன் தொட்டியில் புதிதாக விட்ட ஒரு மீன் மட்டும் மூச்சு வாங்கியது. மற்ற மூன்றும் குதூகலமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்த ஒன்று ஒரு பக்கச் செவுளை இறுக மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட்டது. இடையிடையே கல்லில் போய் உரசிக்கொண்டது. பெட்டியில் எல்லாம் பூஜ்யம். நானோ பெட்டியின் மேல் சந்தேகப்பட்டு, புதுக் குப்பி வேண்டுமோ என்று யோசித்து நான்கு நாளை வீணடித்தேன்.

பெட்டி உண்மையைத்தான் சொன்னது. தண்ணீரில் கோளாறு இல்லை. எல்லா மீனும் ஒரே நேரத்தில் திணறினால் தண்ணீர், ஒன்றொன்றாகத் திணறினால் நோய், இந்தக் கணக்கு பத்தில் எட்டு தடவை சரியாக வரும் என்பது என் அனுபவம். மீன்களைப் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். செவுளிலிருந்து துளி சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் மகளையும் பார்க்கச் சொன்னார். நெளிந்துகொண்டிருந்தது ஒரு புழு, தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிகள். டாக்டைலோகைரஸ், செவுள் புழு. அந்த நான்கு புள்ளிகளும் அதன் கண்கள் என்றார். மகள் ஒரு வாரம் அதையே வரைந்துகொண்டிருந்தாள். பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து கொடுத்துக் குணமானது. ஆனால் அந்தப் புழு முட்டையிடும், முட்டையை மருந்து கொல்லாது, பொரித்து வரும்போது மறுபடி மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இதையெல்லாம் எந்தச் சொட்டும் காட்டாது. வெள்ளைப்புள்ளி நோய்கூடச் சில சமயம் உடம்பில் ஒரு புள்ளியும் தெரியாமல் முதலில் செவுளில்தான் ஆரம்பிக்கும். வெல்வெட் நோயைப் பார்க்க, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உடம்பில் பொன்தூள் தெளித்ததுபோல் தெரியும். சூட்டைக் கூட்டி வெள்ளைப்புள்ளியை விரட்டுகிறவர்கள், சூட்டோடு ஆக்சிஜன் இறங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கூடவே தண்ணீரைக் கலக்கிவிடுங்கள், ஏற்கெனவே செவுள் கெட்ட மீன் அது.

இன்னொரு விதமான தவறான அலாரமும் உண்டு. கௌராமியும் ஃபைட்டரும் மேலே வந்து காற்றை வாயால் எடுத்துப் போகும். அவற்றுக்கு அதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. அடியில் திரியும் சின்னக் கெளுத்தி வகையான கோரிடோரஸ் திடீரென்று அடியிலிருந்து பாய்ந்து வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு ஓடும், அது குடலில் போய்ப் பயன்படும். இதைப் பார்த்துப் பயந்து ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறந்த ஆள் நான்தான். ஆனால் அதே கோரிடோரஸ் நிமிடத்துக்கு நான்கு தடவை மேலே ஓடினால் அது வேறு விஷயம்.

அதனால்தான் பெட்டியோடு இலவசமாக வராத ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டேன். மீன் நன்றாக இருக்கும்போதே அதன் மூச்சை எண்ணி வைப்பது. ஃபோனில் 15 நொடி வைத்துக்கொண்டு, செவுள் மூடி எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். என் பெரிய தங்கமீன் ஓய்வாக இருக்கும்போது 80-ஐ ஒட்டி வரும். உங்கள் மீனுக்கு எண் வேறாகத்தான் இருக்கும், சூடு மாறினாலும் மாறும். 80 அடிக்கிற மீன் ஒருநாள் 130 அடித்தால், மேலே வந்து வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெட்டி தண்ணீரைச் சோதிக்கும், இந்த எண்ணிக்கை மீனைச் சோதிக்கும். மூச்சு ஏறியிருக்கிறது, தண்ணீர் சுத்தம், மேற்பரப்பைக் கலக்கியும் தணியவில்லை என்றால் செவுளைப் பார்க்க ஆள் தேட வேண்டிய நேரம்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில்லறைக் குறைகள். குப்பிகளின் மூடி குழந்தைகள் திறக்காத வகை, நல்லதுதான். உள்ளே அமிலமும் காரமும் இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் பெரியவர்களும் திறக்க முடியாது. குப்பியைச் சாய்க்காமல் நேர்செங்குத்தாகக் கவிழ்த்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும், தாளில் இது நான்காம் பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. குழாயை விரலால் மூடிக் குலுக்காதீர்கள், கையில் இருக்கும் அழுக்கும் வியர்வையும் சோதனைக்குள் போகும். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். சிரிக்காதீர்கள், ஒருவர் ஊற்றிவிட்டு என்னைக் கேட்டார். கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்துவிட்டது. தனியாகக் கிடைக்கிறது, ஆனால் ஐந்து சேர்த்துத்தான்.

நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டி சரிவராது. எண்ணைத் திரையில் காட்டும் கருவி வாங்குங்கள், அல்லது இன்னொரு ஜோடிக் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஐந்துக்கு மூன்றரை தருவேன். ஆக்சிஜன் குப்பி இல்லாததற்கு ஒன்று, அம்மோனியா அட்டவணை வைக்காததற்கு அரை.

குறைத்த ஒன்றரையில் சேராத ஒரு பிழை என்னுடையது. போன மாதம் அம்மோனியா தொடர்ந்து பூஜ்யம் காட்ட, மூச்சோ ஏறியிருக்க, குழம்பிப்போய்க் குப்பியின் அடியைப் பார்த்தேன். காலாவதியாகி ஐந்து மாதம். புதுக் குப்பி வந்து அதே தண்ணீரைச் சோதித்தபோது 0.5. இப்போது எல்லாக் குப்பியிலும் மார்க்கரால் தேதி எழுதியிருக்கிறேன். மூடியின் மேலேயே, பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் விடியற்காலை ஐந்தரைக்குப் படிக்கிற மாதிரி.